முதல் நுழைவிலிருந்து ஏழு நாள்

மூன்று நாள் டிக்கெட்டுக்கு இரண்டு சாவு.
பயிற்சியில் இப்படிச் சொல்லித்தரவில்லை.
நானாகக் கண்டுகொண்டது,
கோவளம் தாண்டி, அலைக்கோட்டை,
நான்காம் கவுண்டரில்.

வாங்கி உள்ளே போகாமல் வைத்திருந்தால்
ஓராண்டு இருக்கும்.
ஒரே ஒருமுறை கேட் பீப் என்று கத்திவிட்டால்
அன்றிலிருந்து ஏழே நாள்.
மூன்றையும் அதற்குள் தீர்த்துவிடணும்.
மிச்சம் செல்லாது. கைமாறாது. காசு திரும்பாது.
மழையில் ராட்டினம் நின்றாலும்
ஏழு என்றால் ஏழு.

நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன்.
குடும்பங்கள் தலையாட்டிக்கொண்டே
பஜ்ஜிக் கடை எங்கே என்று கேட்கும்.
கல்லூரிப் பையன்கள் எதுவும் கேட்பதில்லை,
எட்டாம் நாள் வந்து சண்டை போடுவார்கள்.
மெர்லின் சொல்வாள்:
"சின்ன எழுத்தை வாசிக்கிற ஆளு
பெருசா எதையோ தொலைச்சிருப்பான்டீ."

ஜூன் கடைசியில் ஒருத்தர் வாசித்தார்.
பெரம்பூர் தணிகாசலம், ஆதாரில் அப்படித்தான்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
நகத்தால் வரிவரியாய்.

"தொடர்ச்சியா ஏழு நாளா மேடம்?"
ஆமாம் சார்.
"ஒரு சனிக்கிழமை வந்துட்டு,
ஒரு வாரம் விட்டு இன்னொரு சனி..."
பதினஞ்சாவது நாள் ஆகிடும் சார்.
"எனக்குப் பொண்ணு
ரெண்டாம் சனி, நாலாம் சனிதான்."

வங்கி விடுமுறையைச் சொல்வதுபோல் சொன்னார்.
எனக்கு ஒரு நொடி புரியவில்லை.
பையிலிருந்து இன்னொரு தாள் வந்தது,
மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது,
கோர்ட்டு முத்திரை,
காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.
அதிலும் சின்ன எழுத்து.
இரண்டையும் பலகையில் அருகருகே வைத்து
எங்கே இடுக்கு இருக்கிறதென்று தேடினோம்
நானும் அவரும்,
வரிசை கத்தக் கத்த.

இருந்தது. அவர் தாளில் மூன்றாம் பத்தி:
கோடை விடுமுறையில் பத்து நாள் தகப்பனிடம்.
"அப்போ மே வரைக்கும் உள்ள போகக்கூடாது."
கேட் பக்கமே காட்டாதீங்க சார்.

குழந்தை டிக்கெட் நூற்று நாற்பது சென்டிமீட்டர் வரைதான்.
சொல்லியிருக்கணும், விதி.
பாப்பா எவ்வளவு உயரம் என்றேன்.
சட்டைப்பை மட்டத்தில் காற்றில் கை வைத்தார்,
கொஞ்சம் ஏற்றினார்,
அப்படியே நின்றார், கையை எடுக்காமல்.
நான் பேசாமல்
'குழந்தை ஒன்று' என்று அடித்தேன்.

ஐப்பசிப் புயலில் பெரிய சறுக்கின் கூரை பறந்து
பதினொரு நாள் மூடிக் கிடந்தோம்.
எத்தனையோ பேருடைய ஏழு
அந்தத் தண்ணீரில் போனது.
அவருடையது பத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.
ஏப்ரலில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்,
பழைய சம்பளத்துக்கே.

மே ஐந்து, திங்கள்.
பிளாஸ்டிக் உறையில், ரேஷன் அட்டைபோல,
அதே டிக்கெட்.
பக்கத்தில் யாழிசை.
கை காட்டிய உயரத்தில் இல்லை.
குதிகாலை ஒட்டி வைம்மா என்றதற்கு
ஒட்டித்தான் இருக்கு என்றாள்.
நூற்று நாற்பத்து மூன்று.

வித்தியாசம் நானூற்றைம்பது சார்.
இந்த இடத்தில் தகப்பன்மார் கத்துவார்கள்,
பிள்ளையைக் குறுகி நிற்கச் சொல்வார்கள்.
இவர் கோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
"இன்னொரு தடவை அளங்க."
அளந்தேன். அதேதான்.
"எழுதிக் குடுங்க மேடம். தேதி போட்டு."

ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
143. மே 5.
டிக்கெட்டை எடுத்த உறைக்குள்
அதைச் செருகிக்கொண்டார்.

கேட் கத்தியது.
ஞாயிறோடு முடியுது சார், என்றேன் வழக்கப்படி.
"மூணு நாள் இங்க,
மிச்சம் நாலு நாள் என்னப்பா பண்றது?"
அவர் சொன்ன பதில் கேட்கவில்லை.
வேளச்சேரியிலிருந்து ஒன்பது பேர் வந்து நின்று
பஜ்ஜிக் கடை எங்கே என்றார்கள்.